லித்தாவின் வீட்டுக்கு ஒரு பகையாளி

இலோய்லோ நகரத்து மோலோவில் வந்து எஸ்தெலித்தா சுமகாய்சாய் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். வாயாடி லித்தா வீடு என்று கேட்டுப் பாருங்கள், ட்ரைசைக்கிள்காரன் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவான். போகிற காரியம் நல்ல காரியம்தானா என்றும் விசாரிப்பான். எங்கள் இலோய்லோக்காரர்களுக்குப் பேச்சில் ஓர் இழுப்பு உண்டு. திட்டினாலும் தாலாட்டுவது போலத்தான் காதில் விழும், மணிலாக்காரர்கள் அதைக் கேட்டு மயங்கிப்போவார்கள். லித்தாவிடமும் அந்த இழுப்பு இருந்தது, மயக்கம்தான் இல்லை. அவள் இழுத்து இழுத்து நாலு வார்த்தை சொன்னால், வாங்கிக் கட்டிக்கொண்டவன் ஒரு வாரத்துக்கு அந்தத் தெருப்பக்கம் தலைகாட்ட மாட்டான்.

அவளை அப்படி ஆக்கியது ஹாரோவில் இருந்த ஒரு பெரிய வீடு. பாவாடை வயதில் அங்கே வேலைக்குப் போனாள். அந்த வீட்டில் எத்தனையோ கதவுகள், ஒன்றுகூட அவளுடையதில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு பாய்தான் அவள் இடம். வீட்டுக்கார அம்மாளின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே சட்டி தேய்க்கிற கைக்கு வேகம் வந்துவிடும். ஒருநாள் காய்ச்சல் என்று பகலில் படுத்துவிட்டாள். அம்மாள் வந்து பார்த்து, பாயைச் சுருட்டி வாசலில் எறிந்தாள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டால் யாரும் வந்து எழுப்ப முடியாத ஓர் அறை வேண்டும் என்கிற வெறி லித்தாவுக்கு அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த அறையைக் கட்டிக் கொடுத்தவன் அவள் புருஷன் நாத்தோ. கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தவன். பாதி ஆயுளைக் கடலில் கழித்து, மாலுமிக் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் ஆறு போர்ஷன் வைத்து ஒரு வீடு கட்டினான். மாடியில் தெருவைப் பார்த்த அறை லித்தாவுக்கு. அதன் பூட்டு ஒன்றுதான் சண்டித்தனம் செய்யும். சாவியைப் போட்டு, கதவைத் தோளால் இடித்து, ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னால்தான் திறக்கும். உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்ட மனுஷன், இந்தப் பூட்டுக்கு மட்டும் அடுத்த லீவில் ஆகட்டும் என்பான்.

நல்லவன். ரொம்ப நல்லவன், அதுதான் வினையே. யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு வராது. எங்கள் ஊரில் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லிக் கேட்டால் மறுக்கக் கூடாது, மறுத்தால் குழந்தைக்கு ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு, கப்பல்காரன் லீவில் வந்தால் போதும், கைக்குழந்தையோடு வாசலில் வரிசை நிற்கும். நின்றுவிட்டால் அவன் அந்தக் குடும்பத்துக்குப் பாரே, அவன் பெண்டாட்டி மாரே. சம்பந்தி உறவைவிடக் கெட்டியான உறவு அது. பாரேயிடம் போய் வாடகை ஏன் தரவில்லை என்று கேட்க முடியாது. மாரேயிடம் உன் மச்சினன்கள் ஏன் என் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறார்கள் என்று கேட்க முடியாது. ஆறு போர்ஷன்காரர்களும் பாரே ஆகிவிட்டார்கள். இரண்டாம் போர்ஷன் டோடோங் சமையலறையில் சண்டைச் சேவல் கட்டினான். நாலாம் போர்ஷனில் ஒரு மாரே தெருச் சுவரை இடித்து ஜன்னலாக்கி அதில் சோப்பும் சிகரெட்டும் விற்றாள். நாத்தோ சிரித்துக்கொண்டே அவளிடம் சிகரெட் வாங்கினான்.

ஒரு லீவில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. லித்தா அழுது முடித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள், சேவல் எச்சம், இடிந்த சுவர், யார் யாருடைய செருப்போ. இனி ஒரு பாரே கிடையாது, ஒரு மாரே கிடையாது, வானமே இடிந்து விழுந்தாலும் சரி என்றாள்.

அந்த முடிவு யார் தலையில் விழுந்தது தெரியுமா? ஊரிலேயே ஆதரவில்லாத ஒருத்தி தலையில். பழைய பாரே காலி செய்துபோன ஆறாம் போர்ஷனில் புதிதாகக் குடிவந்திருந்த நொர்பெர்த்தா, எல்லோருக்கும் பெர்த்தா. வயிற்றில் பிள்ளையைக் கொடுத்தவன் கப்பலேறிப் போய் வேறு துறைமுகத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். பெண் பிறந்தது, ஜோவெலின் என்று பெயர். பெர்த்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தேங்காய்ப்பால் அப்பத்தை வாழையிலையில் மூடி எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். "மானாங், நீங்கதான் நிக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா?" என்று கேட்டாள். மானாங் என்றால் எங்களுக்கு அக்கா. லித்தா கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டு, முடியாது என்றாள். ஏன் என்றுகூடச் சொல்லவில்லை. பெர்த்தா அப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

கடைசியில் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையின் மனைவி இரக்கப்பட்டு ஞானத்தாயாக நின்றாள். ஆளில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் நிற்பாள், அதை யாரும் மாரே உறவில் சேர்ப்பதில்லை. அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, தெருவே லித்தாவைக் கரித்துக் கொட்டியது. பெர்த்தா எதிர் வரிசையில் ஓட்டை வீடு ஒன்றுக்கு மாறிப்போனாள். சந்தையில் பன்றிக்கறிக் கடை போட்டு வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்தாள். மறுக்கப்பட்டவள் என்று பெயர் ஆகிவிட்டதால் மற்றவர்களும் அவளை ஒன்றுக்கும் கூப்பிடவில்லை. அவளும் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. ஜோவெலினுக்கு எத்தனை வயதோ அந்தப் பகைக்கும் அத்தனை வயது.

பகை என்றால் பேச்சே இல்லை என்று நினைக்காதீர்கள், பேச்சுக்குக் குறைவே இல்லை. முகம் பார்த்துப் பேசுவதில்லை, அவ்வளவுதான். பெர்த்தாவிடம் பிரின்செசா என்று ஒரு சொறி நாய் இருந்தது. அதை வைத்துத்தான் சாடை. "பிரின்செசா, அந்த வாசல்ல போய்ப் படுக்காதடி, அங்க நாய்க்குக்கூட இல்லன்னு சொல்லுவாங்க" என்பாள் பெர்த்தா. லித்தா மாடி ஜன்னலில் துணி உதறிக்கொண்டே, கறிக்கடை நாய்க்குக் கொழுப்பு ஏறத்தானே செய்யும் என்று காற்றிடம் சொல்வாள். இது காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, கோயில் மணி அடிப்பது போல ஒழுங்காக நடந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது கனடாவிலிருந்து மகள் ஆர்லின் கூப்பிட்டாள். இரண்டாவது பிரசவம் ஆகியிருந்தது, மாப்பிள்ளைக்கு இரவு வேலை, குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை. பெரியவன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வந்து இரு அம்மா என்று போனில் அழுதாள். லித்தாவுக்குப் போக இஷ்டமில்லை, மகள் அழுவதையும் பார்க்க முடியவில்லை. சரி, வீட்டை யார் பார்ப்பது?

அந்தக் கேள்வியில்தான் அவள் தூக்கம் போயிற்று. வாடகை நின்றால்கூட அவள் தாங்கிக்கொள்வாள். பனியடிக்கிற ஊரில் மருமகன் வீட்டில், இன்னொரு முறை அடுத்தவர் கூரைக்குக் கீழே படுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, தன் அறை தன் அறையாக இருக்குமா என்பதுதான் அவளுடைய பயம். அவள் இருக்கும்போதே சுவரை இடித்தவர்கள், இல்லாதபோது என்ன செய்ய மாட்டார்கள்? பாய் சுருட்டி எறியப்படுவதைக் கனவில் கண்டு வியர்த்து எழுந்தாள்.

முதலில் வந்து நின்றவன் நாத்தோவின் அண்ணன் மகன் ரோடெல். வேலை வெட்டி இல்லாதவன், வாய் மட்டும் சர்க்கரை. "தீத்தா, நான் இருக்கறப்ப வெளியாளு எதுக்கு? ரத்தம்னா ரத்தம்தான்" என்றான். தீத்தா என்றால் எங்களுக்குச் சித்தி. சரி, வந்து வீட்டைச் சுற்றிப் பார் என்றாள். கீழே போய்க் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் அவன் அவளுடைய அறையில் டேப்பை விரித்து அளந்துகொண்டிருந்தான். கட்டிலைத் தூக்கிவிட்டு இரண்டடுக்குக் கட்டில் போட்டால் மாலுமிப் பையன்கள் எட்டுப் பேரைப் படுக்கவைக்கலாமாம், அப்பத்தாள் காலத்துத் தையல் மெஷினை எடைக்குப் போடலாமாம். லித்தா காபியைக் கீழே வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். அவன் டேப்பைச் சுருட்டக்கூட நேரமில்லாமல், அது படியெல்லாம் பாம்பு மாதிரி இழுபட, தெருவுக்கு ஓடினான்.

அடுத்து ஆர்லின் இணையத்தில் தேடிப்பிடித்து ஒரு கம்பெனியை ஏற்பாடு செய்தாள். வாடகை வீடுகளைப் பராமரிப்பதே தொழிலாம். அங்கிருந்து வில்யாருஸ் என்று ஒருவர் வந்தார். சட்டைப் பையில் கம்பெனி பெயர் தைத்திருந்தது, கழுத்தில் அட்டை தொங்கியது, கையில் ஒரு தட்டைக் கம்ப்யூட்டர். உட்கார்ந்து சட்டமாகப் பேசினார். கம்பெனிக்கு உறவும் கிடையாது பகையும் கிடையாது என்றார், விதி ஒன்றுதான் உண்டு என்றார். கேட்கக் கேட்க லித்தாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவன்தான் ஆள் என்று நினைத்தாள். இத்தனை வருஷத்தில் ஒருவரைப் பார்த்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நாலாம் போர்ஷன்காரி பிறகு சொன்னாள்.

போர்ஷன்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் தனியாகக் கீழே இறங்கினார். இரண்டாம் போர்ஷன் வாசலில் டோடோங் அவரை உட்காரவைத்தான். பீர் வந்தது, தொட்டுக்கொள்ளப் பொரித்த பன்றித்தோல் வந்தது, டோடோங்கின் சேவல் ஒன்று மேஜைமேல் ஏறி நின்று மரியாதை செய்தது. டோடோங்கின் பெண்டாட்டி ஆறாவதைப் பெற்றுப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. லித்தா ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தபோது வில்யாருஸின் மடியில் அந்தக் குழந்தை இருந்தது.

மனுஷன் மேலே வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"மானாங், ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். நீங்களும் கண்டிப்பா வரணும்."

"யாரு நிக்கறது?"

"நான்தான். கேட்டுட்டாங்க. இல்லன்னா புள்ளைக்கு ஆகாதே, மானாங்."

"உங்க கம்பெனி விதியில அது இல்லியா?"

அவர் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பீருக்குள் பாரே ஆகிவிட்ட மனுஷன், டோடோங்கிடம் போய்ச் சேவலைக் காலி பண்ணு என்று எப்படிச் சொல்வார்? லித்தா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, இரும்புக் கதவைச் சாத்தின சத்தத்தில் எதிர்வீட்டுப் பிரின்செசா குலைத்தது. மகளைக் கூப்பிட்டு, உன் கம்பெனியைப் பனியில் கொண்டுபோய்ப் புதை என்றாள்.

பயணத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. லித்தா சந்தையில் கீரைக்கடை முன்னால் நின்றுகொண்டு, யாரை விடலாம் என்று ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக மனதில் கழித்துக்கொண்டிருந்தாள். பங்குக் கோயில் பொருளாளர் அம்மாளா? அவள் மூன்று போர்ஷனுக்கு மாரே. பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் வாத்தியாரா? அவர் தெரு முழுக்கப் பாரே. இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒரு வாய்கூட இந்த ஊரில் கிடையாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் கறிக்கடைப் பக்கம் ஒரு சலசலப்பு. வட்டாரத் தலைவரின் பெண்டாட்டி, குடையும் தங்க வளையலுமாக நின்றுகொண்டு, விருந்துக்கு இரண்டு தொடை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, அப்புறம் தருகிறேன் என்று சொல்லித் திரும்பினாள். பெர்த்தா கத்தியை வைத்துவிட்டுப் பலகையைச் சுற்றி வந்தாள். அந்த அம்மாளின் பையில் கையை விட்டாள், இரண்டு தொடையையும் எடுத்தாள், கொக்கியில் திரும்ப மாட்டினாள். "அப்புறம் வந்து எடுத்துக்கங்க" என்றாள், எங்கள் ஊர் இழுப்போடு, தேனாக. தலைவரின் பெண்டாட்டி வாயைத் திறந்து மூடினாள். என்ன உறவைச் சொல்லி அதட்டுவது? பெர்த்தாவுக்கு இந்த ஊரில் ஒரு மாரேயும் இல்லை.

லித்தா கையிலிருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டாள். வேண்டாம், வேறு யாராவது என்று வீடு வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். வீட்டு வாசலில் டோடோங் இரண்டு புதுச் சேவலை இறக்கிக்கொண்டிருந்தான். "மாரே, பாரே வில்யாருஸ் குடுத்த அன்பளிப்பு" என்றான். அவள் உள்ளே போகவில்லை. அப்படியே திரும்பித் தெருவைக் கடந்தாள்.

பெர்த்தா கடையை முடித்து வந்து, வாசலில் முக்காலி போட்டுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். லித்தா நின்றாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் நாயைப் பார்த்தாள்.

"பிரின்செசா, உங்கம்மாகிட்ட ஒரு வேலை இருக்குன்னு சொல்லு."

"பிரின்செசா, எங்களுக்குச் சோத்துக்குப் பஞ்சமில்லன்னு சொல்லு" என்றாள் பெர்த்தா, தலை நிமிராமல்.

"நான் கனடாவுக்குப் போறேன். வீட்டப் பாத்துக்க ஆள் வேணும்."

பெர்த்தா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் லித்தாவை நேருக்கு நேர் பார்த்தாள். மானாங் என்று சொல்லவில்லை.

"ஊர்ல ஆளே கெடைக்கலியா உனக்கு?"

"கெடைச்சாங்க. எல்லாரும் நல்லவங்க."

"நான் கெட்டவளா?"

"நீ யாருக்கும் மாரே இல்ல."

"யாரால?"

பிரின்செசா கொட்டாவி விட்டது. பெர்த்தா பழந்துணி ஒன்றை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். எதிராளி நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும் என்று துடைத்தாள். பிறகு வாடகையில் கம்பெனிக்குத் தருவதாகச் சொன்ன பங்கை எனக்குத் தா என்றாள். கனடாவிலிருந்து போன் போட்டு அதிகாரம் பண்ணக் கூடாது என்றாள். எல்லாச் சாவியும் வேண்டும் என்றாள்.

"எல்லாம் தரேன். மாடி ரூம் தவிர."

"அதுவுந்தான்."

"அது என் ரூம்."

"கூரைத் தண்ணிக் குழாய் அதுக்குள்ளதான வருது? நானும் அந்த வீட்ல குடியிருந்தவ. குழாய் வெடிச்சா உன்ன கனடாவுலேர்ந்து வரச் சொல்லவா? இஷ்டம்னா குடு. இல்லன்னா அந்தப் பீர் குடிச்சவரக் கூப்புடு." எழுந்து உள்ளே போனவள் வாசலில் நின்று திரும்பினாள். "ஒண்ணு தெரிஞ்சுக்க. நான் உன்ன மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்."

லித்தா அன்றைக்குச் சாவியைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அறையைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தன்னை அறவே வெறுக்கிற ஒருத்தியின் கையில் அந்த ஒரு சாவியையா? துணியைக் கிழித்தால்? மெஷினை விற்றால்? படுக்கையைத் தெருவில் எறிந்தால்? எறிய அவளுக்கு உரிமை இல்லையா என்றும் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை லித்தா திட்டினாள், அது வாயை மூடவில்லை. கீழே புதுச் சேவல்கள் கூவிக்கொண்டேயிருந்தன.

மறுநாள் சந்தையில், கறி வெட்டுகிற பலகைமேல் சாவிக்கொத்தைத் தொப்பென்று போட்டாள். பெர்த்தா அதை ஈரத்துணியால் துடைத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

கனடா எப்படி இருந்தது என்பதை லித்தா யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. மருமகன் மரியாதையானவன். இருந்தாலும் அவள் படுத்தது குழந்தைகளின் அறையில், ஒரு மூலையில், விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே. பேச்சுத்துணை என்று இருந்தது மோலோவிலிருந்து வந்த போன்கள்தான். டோடோங் கூப்பிட்டு, மாரே, அந்தக் கறிக்காரி என் சேவலெல்லாம் போர்ஷனுக்குள்ள இருந்தா நாளைக்குக் குழம்புல இருக்கும்னு சொல்றா என்று அழுதான். நாலாம் போர்ஷன்காரி, என் கடை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டாள், நீயெல்லாம் ஒரு மாரேயா என்று கத்தினாள். வாசலில் மிச்சமாக இருந்த செருப்புகளையெல்லாம் பெர்த்தா அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் போட்டாளாம், செருப்போடு மச்சினன்களும் போனார்களாம். லித்தா ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் அடடா என்றாள், அப்படியா என்றாள். போனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெர்த்தா மட்டும் கூப்பிடவே இல்லை. புயலுக்குப் பிறகு ஒரே ஒரு முறை செய்தி வந்தது. கூரையில் ஓட்டை, அடைச்சாச்சு என்று மூன்று வார்த்தை. சுகமா என்றுகூட அதில் இல்லை.

தன் அறையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் வரக்கூடிய பதிலுக்கு அவள் பயந்தாள்.

பெரியவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் லித்தா மூட்டை கட்டினாள். மோலோவில் ட்ரைசைக்கிள் நின்றபோது தன் வீடு எது என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. வாசல் கதவுக்குப் பச்சைப் பெயின்ட். சேவல் இல்லை. சுவர் சுவராக இருந்தது. இரண்டாம் போர்ஷன் ஜன்னலில் டோடோங் அவளைப் பார்த்ததும், யாரோ தெரியாதவர் போலத் திரையை இழுத்துவிட்டான். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, ஜோவெலினுக்கென்று வாங்கி வந்த பெரிய சாக்லேட் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு நேராகத் தெருவைக் கடந்தாள்.

ஜோவெலினுக்கு அடுத்த மாதம் கோயிலில் உறுதிபூசுதல் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக்கு வளர்ந்த பிறகு செய்கிற சடங்கு, அதற்கும் ஞானத்தாய் வேண்டும். விமானத்தில் வரும்போதெல்லாம் அந்த வார்த்தைகளை அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தப்பைத் திருத்த சாமி ஒரு வழி விட்டிருக்கிறார் என்று நம்பினாள்.

பெர்த்தா கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. சாவிக்கொத்தை நீட்டினாள், லித்தா வாங்கிக்கொண்டாள்.

"பெர்த்தா, ஜோவெலினுக்கு நான் நிக்கறேன்."

"எதுக்கு?"

"உறுதிபூசுதலுக்கு. நானே கேக்கறேன். அன்னைக்கு நான் செஞ்சது தப்பு."

லித்தா ஒருவரிடம் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை, தெருவும் கேட்டதில்லை. பெர்த்தாவின் முகத்தில் என்னவோ அசைந்தது. தாடை இறுகிற்று, கண் ஒரு கணம் தெருவுக்குப் போய்த் திரும்பிற்று. குரல் வந்தபோது அது எங்கள் ஊர் இழுப்போடு, மெதுவாக வந்தது.

"முடியாது."

"ஏன்?"

"நாம மாரே ஆயிட்டா, அடுத்த தடவ நீ போறப்ப உன் வீட்ட யாரு பாத்துக்குவா?"

லித்தா, "அப்ப அவளுக்கு யாரு நிக்கறது?" என்று கேட்டாள்.

"கோயில்பிள்ளை பொண்டாட்டி. போன தடவையும் அவதான நின்னா."

கதவு சாத்திக்கொண்டது. வேகமாகக்கூடச் சாத்தவில்லை. லித்தா சாக்லேட் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். கையில் கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவரும்போது அது எவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாடி ஏறினாள். பழக்கத்தில் சாவியைப் போட்டுத் தோளைக் கொடுத்து இடித்தாள், கெட்ட வார்த்தையும் வாயில் தயாராக இருந்தது. பூட்டு ஒரே திருப்பில் திறந்துகொண்டது, அவள் தடுமாறி அறைக்குள் விழப்பார்த்தாள். விரலில் எண்ணெய் பட்டது. கட்டில் இருந்த இடத்தில் இருந்தது, மேலே தூசி படாமல் பிளாஸ்டிக் விரித்திருந்தது. தையல் மெஷின் மூடியிருந்தது. தரை அன்றைக்குக் காலையில் பெருக்கிய தரை. எல்லாம் அவள் விட்டுப்போன மாதிரியே இருந்தது, ஒன்றைத் தவிர. சுவரில் மாட்டியிருந்த நாத்தோவின் படம் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தது.

அவள் அதைத் திருப்பக் கையை நீட்டியபோது ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் குரல் ஏறி வந்தது.

"பிரின்செசா, அந்தப் படத்தத் திருப்பி வெச்சது நான்தான்னு மேல சொல்லு. யாருக்கும் இல்லன்னு சொல்லத் தெரியாத மூஞ்சி. அது சிரிக்கறதப் பாத்துக்கிட்டு என்னால ஒருத்தனையும் வெரட்ட முடியல."

லித்தா தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுதாள், வாய்விட்டே அழுதாள். தன்மேல் பாசம் வைத்தவர்கள் அத்தனை பேரும் தின்றுவிடப் பார்த்த அறையை, பாசமே இல்லாத ஒருத்தி வாராவாரம் வந்து பெருக்கியிருக்கிறாள். அந்த ஒருத்தியிடம் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க இந்த ஜன்மத்தில் தனக்கு வழியில்லை. யாரும் வந்து எழுப்ப முடியாத அறைதான், அதற்குத்தானே ஆசைப்பட்டாள்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கறிக்கடை நாய் ஏன் இன்னும் சாகாமல் குலைக்கிறது என்று காற்றிடம் கேட்டாள். குரல் சரியாக வரவில்லை, இருந்தாலும் கேட்டாள். நாத்தோவின் படத்தை அவள் திருப்பவில்லை.